கயிறு பிடித்த கைகள்

எங்கள் பாடசாலை இருக்கும் மேட்டில் நின்றால் ஒரு பக்கம் பாவா ஆதம் மலை தெரியும். கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். 1960களின் பிற்பகுதியில் அணை கட்டி நீரை மறித்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்குள் போனது. கடைவீதியோடு கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் போயின. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் அவற்றின் எச்சங்கள் வெளியே தலைகாட்டும். சனம் திரண்டு போய்ப் பார்க்கும். மழை வந்ததும் எல்லாம் மறுபடி மூழ்கிவிடும்.

அப்படியொரு வரட்சி முடிந்து நீர் ஏறிய சமயம், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சேர், சிலிண்டர் கட்டிக்கிட்டு இறங்குனா தண்ணிக்குள்ள இருக்கிற பள்ளிக்குப் போய் வரலாமா?"

போகலாம் என்றோ கூடாது என்றோ உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் நான். நீச்சல்கூடச் சரியாகத் தெரியாதவன். ஆனால் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் தனியே இறங்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் மனைவியின் தாய்மாமா. மன்னார் முசலிப் பகுதியில் பிறந்தவர், இன்று 68 வயது. அவரையும், அவருக்கு முன்னால் அந்தக் கடலில் இறங்கியவர்களையும் பற்றிச் சொல்லாமல் அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. இக்கட்டுரை அந்தப் பதில்தான். கொஞ்சம் நீண்டுவிட்டது.

மலையகத்தில் இருந்துகொண்டு மன்னார்க் கடலைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆனால் அந்தக் கடலையும் இந்த மலையையும் ஒரே பயணத்தில் இணைத்தவர் ஒருவர் இருந்தார். 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். முத்துக் குளித்து எடுத்த முத்துகளை அரசனின் ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருப்பதை அவர் கண்டார். பாரசீக மொழி விளங்கிய அந்த அரசன் முத்துகளை அவரிடம் காட்டி, நீர் வந்த நாடுகளில் முத்துக் குளிக்கும் இடங்களைக் கண்டிருக்கிறீரா என்று விசாரித்தான். கண்டிருப்பதாகச் சொன்ன இப்னு பதூதா, தன் விருப்பம் ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிப்பதுதான் என்று கேட்டுக்கொண்டார். அரசன் வழித்துணைக்கு ஆள்கள் கொடுத்தனுப்பினான். இப்படித்தான் முத்துக் கரையில் தொடங்கிய அந்தப் பயணம் எங்கள் வாசலில் தெரியும் மலையின் உச்சியில் போய் முடிந்தது.

அவருடைய பயண நூலில் இரண்டு இடங்களை நான் அடிக்கடி ஒன்றோடொன்று சேர்த்து நினைப்பதுண்டு. ஒன்று பாரசீக வளைகுடாவில் முத்துக் குளிப்பவர்களைப் பற்றிய இடம். குளியாளி ஆமை ஓட்டால் செய்த கவசத்தை முகத்தில் அணிந்து, அதே ஓட்டால் ஆன கவ்வியால் மூக்கை இறுக்கிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்குகிறான். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைக்கிறான். மறுமுனையைப் பிடித்திருப்பவன் அதை உணர்ந்து மேலே இழுக்கிறான். ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீருக்குள் இருப்பவர்களும் உண்டு என்று இப்னு பதூதா எழுதியிருப்பது மிகை. மனித மூச்சுக்கு அது இயலாது. ஆனால் கயிற்றைப் பற்றி எழுதியது மிகையல்ல.

மற்றையது பாவா ஆதம் மலை ஏற்றம். செங்குத்தான பாறையில் ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்தன. மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்துக்கு வந்து கீழே பார்ப்பவனுக்குத் தலை சுற்றும். விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவான். அதனால் அந்தப் பெயர். கலிமாவை மொழிகிறவன் சங்கிலியை விட்டுவிட்டு மொழிவதில்லை என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். இதற்குப் பின்னர் திரும்பி வருகிறேன்.

மன்னார்க் குடாவில் முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்பதற்குப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எல்லாக் காலத்துக்கும் பதிவுகள் உண்டு. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் சலாபம் கூடும். குளியாளிகள் தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள், மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தவர்கள், பிற்காலத்தில் வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள். முத்துச் சிப்பிப் பார்கள் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இருந்தன. ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர். அதிகாலையில் தோணிகள் பாருக்குப் போகும். நண்பகலில் அடையாளம் கொடுத்ததும் குளிப்பு நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாம் என்று யாரும் தாமதிக்க முடியாது.

தோணியில் குளியாளிகள் பத்துப் பேர் என்றால் கயிறு பிடிப்பவர்களும் பத்துப் பேர் இருப்பார்கள். ஆங்கிலக் குறிப்புகள் இவர்களை 'மண்டக்' என்கின்றன. ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள். ஒருவர் இறங்க மற்றவர் இளைப்பாறுவார். கனத்த கல்லில் பாதத்தை ஊன்றி, மூச்சை இழுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குளியாளி இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை விடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளியாளி சிப்பிகளை வலைப் பையில் அள்ளிப் போடுவார். ஒரு நிமிட நேரம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். பிறகு பைக் கயிற்றை ஒரு இழுப்பு. மேலே இருப்பவரின் கை அதற்காகவே காத்திருக்கும்.

கயிறு பிடிப்பவர் குளியாளியின் மனைவியின் சகோதரராக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கு நம் கரையோரங்களில் சொல்லப்படுகிறது. தங்கை விதவையாவதை எந்த அண்ணன் விரும்புவான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எல்லாத் தோணியிலும் அப்படியே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பத்துத் தோணி கூடிய இடத்தில் அத்தனை மச்சான்மாருக்கு எங்கே போவது? ஆனால் அந்த வழக்கு ஒரு சமூகம் ஆபத்தை எப்படிக் கணக்கிட்டது என்பதைக் காட்டுகிறது. குளியாளியின் நெஞ்சுறுதியை அது அளக்கவில்லை. மேலே இருப்பவனுக்கு இவன் திரும்பி வரவேண்டும் என்ற அக்கறை எவ்வளவு என்று கேட்டது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' இல்லாமல் குளியாளிகள் இறங்க மறுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி போன மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனது என்றும், இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்காதபடி மாலையில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதுகிறார். ஆங்கில அரசும் இந்தப் பதவியை வைத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமர்சன் டென்னன்ட் எழுதும்போது அப்பதவியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். அதனால் குளியாளிகளின் நம்பிக்கை ஒன்றும் குறையவில்லை என்று வியக்கிறார். நம்மில் சிலர் இதைக் கேட்டு ஷிர்க் என்று முகம் சுளிக்கலாம். சுளிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடல்கட்டி கரையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த அதே வேளையில் தோணியில் ஒருவரும் கயிற்றைக் கைவிடவில்லை.

இந்தத் தொழில் முடிந்த கதை சுருக்கமானது. 1891க்குப் பிறகு பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாகக் கிடந்தன. 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்து பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1907 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. 1905 சலாபத்தில் அரசுக்கு 25 இலட்சம் ரூபாய் அளவில் வருவாய் கிடைத்தது. வெறும் மணல் கரையான மறிச்சுக்கட்டியில் சில வாரங்களுக்குப் பல்லாயிரம் பேர் வாழும் நகரம் எழுந்து மறைந்தது. 1906இல் அரசு பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பனிக்குக் கொடுத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது. 1925இல் ஒரு பெரிய சலாபம் நடந்தது. அதோடு பழைய முறைக் குளிப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. முத்துப் போனாலும் சங்கு இருந்தது. சங்கு குளிப்பவர்கள் அதே கயிற்றோடும் அதே மூச்சோடும் தொடர்ந்தார்கள்.

என் மனைவியின் மாமா அந்தத் தொடர்ச்சியில் வந்தவர். 1970களில் பதின்ம வயதிலேயே சங்கு குளிக்க இறங்கியவர். அவருக்குக் கயிறு பிடித்தவர் உண்மையிலேயே அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். சலாபக் கரைகளாக நான் மேலே சொன்ன ஊர்களில் இருந்த நம்மவர்களும் அதில் அடக்கம். இவ்விரு குடும்பங்களும் கல்பிட்டிப் பக்கம் வந்து ஓலைக் கொட்டிலில் குடியேறின. மச்சான் அங்கேயே சில ஆண்டுகளில் நோயில் மௌத்தாகிவிட்டார். அவர் கையில் இருந்த கயிறு அதற்குப் பின் யார் கைக்கும் போகவில்லை.

மாமா சிலிண்டருக்கு மாறியது அந்தக் காலத்தில்தான். கடலட்டைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. அட்டை ஆழத்தில் கிடந்தது. மூச்சடக்கி இறங்கினால் கிடைப்பது கூலிக்குப் போதாது. சிலிண்டர் கட்டினால் அரைமணி நேரம் கீழே நிற்கலாம். கூடவே இன்னொன்றும் நடந்தது. சிலிண்டர் வந்ததும் கயிறு தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒருவர் இறங்க ஒருவர் மேலே இருப்பது வீண் கூலி என்றாகிவிட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே இறங்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லியாக வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பது ஒட்சிசன் என்று நம் ஊரில் சொல்வது தவறு. அது சாதாரணக் காற்றுத்தான், அழுத்தி அடைக்கப்பட்டது. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் அமைத்த கருவி, நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் அந்தக் காற்றை வாய்க்குக் கொடுக்கும். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீற்றரில் அழுத்தம் நான்கு மடங்கு; ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்றுச் செலவு. மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் அங்கே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த ஆழத்தில் நைதரசன் மூளையை மயக்கத் தொடங்கும். மயக்கம் அச்சத்தைத் தராது. எல்லாம் நன்றாக இருப்பது போன்ற ஒரு திருப்தியைத் தரும். ஆபத்தே அதுதான்.

அதைவிடக் கொடியது மேலே வரும்போது நிகழ்வது. ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன் மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். விரைந்து ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்தது போல உடலுக்குள் குமிழிகள் எழும். முள்ளந்தண்டில் எழுந்தால் கால் விழும். 1878இல் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் இதற்கு நைதரசனே காரணம் என்று காட்டினார். 1908இல் பிரித்தானிய அறிஞர் ஹால்டேனும் அவர் கூட்டாளிகளும் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று ஏறும் அட்டவணையை வெளியிட்டார்கள். மூச்சடக்கி ஒரு நிமிடம் போய் வந்த பழைய குளியாளிக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. அவர் மேலிருந்து கொண்டு போன ஒரு மூச்சோடு போய் அதே மூச்சோடு வந்தார். சிலிண்டர் கட்டியவரோ ஆழத்தின் அழுத்தத்தைக் கீழேயே மூச்சாக இழுக்கிறார். நமது கரைகளில் சிலிண்டரை மாட்டத் தெரிந்த அளவுக்கு ஹால்டேனின் அட்டவணை தெரிந்தவர்கள் இல்லை.

இதற்கு எங்கள் குடும்பமே சாட்சி. கயிறு பிடித்த மச்சானுக்கு ஒரு மகன். மாமாவிடம்தான் தொழில் பழகினான். ஒரு நாள் நான்காவது சிலிண்டரை முடித்துவிட்டுக் காற்றுத் தீர்ந்த பதற்றத்தில் விர்ரென்று மேலே வந்தான். படகில் ஏறி உட்கார்ந்தவனுக்குச் சற்று நேரத்தில் கால் மரத்தது. இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். பார்க்க வந்த எல்லோரும் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். மாமா மட்டும் அதற்குத் தலையாட்டவில்லை.

"நாட்டம் எண்டு சொல்லி நாங்க தப்பிச்சிரலாம் மருமகன். அவனுக்கு இறங்கத்தான் படிச்சுக் கொடுத்தன். ஏறப் படிச்சுக் கொடுக்கல்ல. கயிறு பிடிக்க ஒருத்தனையும் வைக்கல்ல" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் இறங்குவதை நிறுத்தவில்லை. தனியாகத்தான் இறங்கினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இது எனக்குப் புரியவில்லை. ஒரு நோன்புப் பெருநாளுக்கு அங்கே போயிருந்தபோது கேட்டே விட்டேன். அப்போது அவர் தன் ஒழுங்குகளைச் சொன்னார். எழுத்தில் இல்லாத அவற்றை நான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு ஒரே சிலிண்டர். காற்றில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்பிவிட வேண்டும், எதிரே எவ்வளவு அட்டை கிடந்தாலும். திரும்பும் இடத்தைப் படகில் இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். கீழே போய்த் தீர்மானிக்கக் கூடாது, கீழே இருப்பது வேறு புத்தி. தடிமன் பிடித்த நாள், தூக்கம் இல்லாத நாள், யாரோடாவது சண்டை போட்ட நாள், நோன்பு நாள், இவற்றில் இறங்குவதில்லை. ஏறும்போது தன் வாயிலிருந்து போகும் மிகச் சிறிய குமிழியை முந்தக் கூடாது. மேற்பரப்புக்கு மூன்று பாகம் இருக்கும்போது நின்று தஸ்பீஹ் ஓத வேண்டும்: ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. அவசரப்படாமல் மனதுக்குள் ஓதி முடித்தால் மூன்று நிமிடம் ஆகும். போகுமுன் எந்தப் பாருக்குப் போகிறார், எப்போது திரும்புவார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அஸர் பாங்குக்குள் வராவிட்டால் எந்தப் படகுக்காரனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். ஐம்பது வயதில் பதினைந்து பாகம். அறுபதில் பத்து. இப்போது ஏழு. "கடல் கிடந்த இடத்திலதான் கிடக்குது. நான்தான் வயசுக்கு வயசு மேல ஏறி வாறன்" என்றார்.

ஊருக்கு வந்து இதுபற்றித் தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தனியாக இறங்குவதை உலகத்தின் பயிற்சி நிறுவனங்கள் நீண்ட காலம் அடியோடு விலக்கி வைத்திருந்தன. இருவராக இறங்கு என்பதே முதல் பாடம். 1999இல்தான் ஒரு நிறுவனம் தனியாக இறங்குவதற்கென்றே பாடநெறி ஒன்றைத் தொடங்கியது. குறைந்தது 100 தடவை இறங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பொழுதுபோக்குக்கு இறங்குபவர்களுக்கு 40 மீற்றர் எல்லை. மேற்பரப்பை நெருங்கும்போது 5 மீற்றரில் 3 நிமிடம் நில் என்கிறார்கள். அது மாமாவின் தஸ்பீஹ் தரிப்புத்தான். காற்றில் மூன்றில் ஒரு பங்கோடு திரும்பு என்பது நீருக்கடிக் குகைகளில் இறங்குபவர்களின் சட்டம். ஆனால் தனியே இறங்குபவன் இன்னொரு சின்னச் சிலிண்டரைத் தனி வாய்க்குழாயோடு கொண்டு போக வேண்டும் என்றும் இருக்கிறது. அது மாமாவிடம் இருக்கவில்லை. வயது போனவர்கள் நீருக்குள் இறக்கும்போது பெரும்பாலும் காரணம் காற்றோ சுறாவோ அல்ல, இதயம் என்றும் படித்தேன். இதயம் நிற்பதற்குத் தஸ்பீஹ் கணக்கு காவல் ஆகாது. மேலே இழுக்க ஒருவர் இருந்தால் ஒருவேளை ஆகலாம்.

அந்தத் தேடலில் ஓர் ஆசிரியரைச் சந்தித்தேன், புத்தகத்தில்தான். அமெரிக்காவின் புளோரிடாவில் உயர்தரப் பாடசாலையில் கணிதம் படிப்பித்த ஷெக் எக்ஸ்லி. 1979இல் அவர் எழுதிய சிறு கைநூல், நீருக்கடிக் குகைகளில் இறந்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன பிழை நடந்தது என்று வாத்தியார் விடைத்தாள் திருத்துவது போலத் திருத்துகிறது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுகளில் முதன்மையானவை மூன்று: வெளிவாசல் வரை அறுபடாத கயிறு ஒன்று கையில் இருக்க வேண்டும், காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்புவதற்கு வைக்க வேண்டும், ஆழத்துக்கு எல்லை போட வேண்டும். அந்தச் சட்டங்களால் உயிர் தப்பியவர்கள் பலர்.

அதே எக்ஸ்லி 1994 ஏப்ரல் 6ஆம் திகதி மெக்சிக்கோவின் சக்கத்தோன் என்ற நீர்க்குழியில் இறந்தார். வயது 45. உலகத்தில் யாரும் போகாத ஆழத்துக்குப் போகும் முயற்சி. அதே நாளில் அதே குழியில் வேறொரு கயிற்றைப் பிடித்து ஜிம் போடன் என்பவரும் இறங்கினார். இருவரும் தனித்தனி. ஐம்பதைத் தாண்டிய போடன் 282 மீற்றர் அளவில் காற்று தான் நினைத்ததைவிடக் குறைந்திருப்பதைக் கண்டார். அத்தோடு நிறுத்தித் திரும்பினார். பல மணி நேரம் நின்று நின்று ஏறி உயிரோடு வந்தார். எக்ஸ்லி வரவில்லை. சில நாட்களின் பின் அவர் இறங்கிய கயிற்றை மேலே இழுத்தபோது அதில் சுற்றியபடி உடல் வந்தது. அங்கே என்ன நடந்தது என்று திட்டமாக யாராலும் சொல்ல முடியவில்லை.

நாற்பதுகளில் இருக்கும் இன்னொரு ஆசிரியன் என்ற முறையில் இந்த மரணம் என்னை நீண்ட நாள் அலைக்கழித்தது. பிழைகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. கயிறும் இருந்தது. ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையில் அவரது இழுப்பை உணரக் கூடிய ஒரு கை இல்லை. அவ்வளவு ஆழத்துக்கு எந்தக் கையும் எட்டாது. எட்டாத ஆழத்துக்குப் போகிறவன் தானே குளியாளியாகவும் தானே கயிறு பிடிப்பவனாகவும் இருக்க வேண்டும். போடன் காற்றைப் பார்த்துத் திரும்பிய அந்தக் கணத்தில் அவருக்குள் இருந்த இரண்டாவது ஆள் கயிற்றை இழுத்தான். மாமாவின் ஒழுங்குகளும் அத்தகையவையே. பாகத்தைக் குறைத்ததும் மூன்றில் ஒன்றோடு திரும்பியதும் கல்பிட்டி மண்ணில் அடங்கியிருக்கும் மச்சானின் வேலையை அவர் தானே செய்து வந்ததுதான்.

இதை நான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிடிக்க ஆள் இருந்தா நான் ஏன் மருமகன் தனியப் போறன்?" என்றார்.

எக்ஸ்லியின் கதையையும் இதயத்தைப் பற்றிப் படித்ததையும் நான் அவரிடம் மறைக்கவில்லை. கடந்த ஆண்டு அவர் மீண்டும் இடுப்பில் கயிறு கட்டத் தொடங்கினார். படகில் மறுமுனையைப் பிடித்து உட்கார்ந்திருப்பவன் கால் விழுந்த அந்த மருமகன். அவன் கையில் பலம் குறையவில்லை. ஒரு இழுப்பு என்றால் சுகம், இரண்டு என்றால் வருகிறேன், மூன்று என்றால் தூக்கு. மற்ற படகுக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்களாம், சிலிண்டர் கட்டினவனுக்கும் கயிறா என்று. வருமானத்தில் பாதி அவனுக்கு. சிலிண்டர் வந்ததும் வீண் என்று நிறுத்திய கூலிதான் இது.

கலிமாச் சங்கிலிக்கு வருகிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை மிம்பரில் கேட்டுத் தலையாட்டுகிறோம். ஆனால் கடலிலோ நீர்த்தேக்கத்திலோ ஒரு பிள்ளை போனதும், கட்டாமல் விட்ட கயிற்றைப் பற்றிப் பேசாமல் நாட்டத்தைப் பற்றி மட்டும் பேசிக் கலைகிறோம். கத்ரை மறுக்க நான் யார்? நம் முன்னோர்களான குளியாளிகள் அதை நம்மைவிட உறுதியாக நம்பியவர்கள். நம்பிக்கொண்டே கல்லைச் சரிபார்த்தார்கள், நண்பகலில் நிறுத்தினார்கள், மறுமுனையில் நம்பிக்கையான ஒருவரை நிறுத்தினார்கள். பத்தாவது சங்கிலியில் கலிமா மொழிந்தவர்களின் இரண்டு கையும் இரும்பைத்தான் பற்றியிருந்தன.

இன்னொரு கவலையும் எனக்குண்டு. சலாபங்களின் ஆவணங்களில் தோணிக் கணக்கு இருக்கிறது, சிப்பிக் கணக்கு இருக்கிறது, அரசுக்குப் போன ரூபாய்க் கணக்கு சதம் வரை இருக்கிறது. கயிறு பிடித்தவர்களின் பெயர்கள் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 1990இல் சிதறினார்கள். 2009க்குப் பிறகு சிலர் முசலிக்குத் திரும்பினார்கள், சிலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். கயிற்று அடையாளங்களும் பார்களின் பெயர்களும் தெரிந்த கடைசித் தலைமுறை எழுபதை நெருங்குகிறது. இவ்விதழைப் படிக்கும் நண்பர்களில் கல்பிட்டி, புத்தளம், முசலிப் பக்கத்தவர்கள் இருந்தால் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்காருங்கள். பிறகு பார்ப்போம் என்று வைக்க வேண்டாம்.

அந்தப் பையனுக்கு நான் ஒரு வாரம் கழித்துப் பதில் சொன்னேன். நீருக்குள் இருக்கும் பள்ளிக்குச் சிலிண்டர் கட்டிப் போகத் தேவையில்லை, அடுத்த வரட்சிக்கு நடந்தே போகலாம், நானும் வருகிறேன் என்றேன். அவன் விடவில்லை. "இல்ல சேர், சும்மா கேக்கிறேன், போனா?" என்றான்.

"போனால் மேலே யார் கயிறு பிடிப்பது என்று முதலில் சொல்" என்றேன்.

பக்கத்து வாங்கில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தான். அவன் கையை உயர்த்தினான்.